அடியில் கிடந்த ஈரம்

 

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். "மழையில் நனைந்தது" என்றார் வியாபாரி. அதை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என எச்சரித்தார்கள் நபியவர்கள். முஸ்லிம் கிரந்தத்தில் காணும் ஹதீஸ் இது.

சமீபத்தில் ஒரு பழைய கார் தேடினேன். புரோட்டோன் வீரா ஒன்று, வாஜா ஒன்று. வீராவின் உற்பத்தி 2009லும், வாஜாவின் உற்பத்தி 2011லும் நின்றுவிட்டன. விலையும் ஏறக்குறைய ஒன்றே.

வாஜா பளபளத்தது. ஆனால் கால்விரிப்பைத் தூக்கினால் காய்ந்த சேறு. ஸீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் தண்ணீர் நின்ற கறை. 2023 மார்ச்சில் சிகாமட்டையும் பத்து பகாட்டையும் மூழ்கடித்த வெள்ளம் நினைவுக்கு வந்தது. விற்பவர் வாய் திறக்கவில்லை.

வீராக்காரரோ நான் கேட்குமுன்பே, "கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் பாய், பழுது பார்க்கும் செலவைக் கழித்துக் கொடுங்கள்" என்றார். அதையே வாங்கினேன்.

கடைக்குத் திரும்பினேன். பழைய வெங்காயத்தின் மேல் புதியதைப் பரப்பிக்கொண்டிருந்தான் கடைப்பையன். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவன் நானேதான்! வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டையும் பிரித்து, பழையதைத் தனியே வைத்து விலை குறைத்தேன்.

சகோதரர்களே! பிறர் வண்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்கும் கை, நம் குவியலையும் கிளறட்டும். உண்மை பேசிக் குறையைச் சொல்லும் வியாபாரத்திலேயே பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிந்துவிடும்.

வல்ல நாயன் நம் அனைவர்க்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.