மதம் மாற்றாத ஊழியம்

திருப்பூரில் வங்கதேசத் தலைநகர் டாக்கா என்றாலே பனியன் ஆர்டர்தான் நினைவுக்கு வரும். பையர் அங்கே போய்விட்டாரா, இங்கே திரும்புகிறாரா என்பதுதான் பனியன் கம்பெனி ஆபீஸிலும் பவர் டேபிள் தையல் கூட வாசலிலும் பேச்சு. 2024 ஆகஸ்டில் அங்கே பிரதமர் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தபோதும் அந்தக் கணக்குதான் ஓடியது.

அந்த நகரத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊர். பத்தில் ஒன்பது பேர் முஸ்லிம்கள். வங்கதேசம் முழுவதையும் எடுத்தால் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. அங்கே கிறிஸ்துவை அறிவிப்பது என்றால் என்ன?

கேள்வி பழையது. டாக்காவின் தேஜ்கானில் உள்ள ஜெபமாலை மாதா கோயில் 1677-இல், போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. திருச்சிலுவை சபைக் குருக்கள் 1853-இல் வங்காளத்துக்கு வந்தார்கள். 1949-இல் அவர்கள் டாக்காவில் தொடங்கிய கல்லூரி இன்று நாட்ர டாம் காலேஜ். அதில் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் பையன்கள். முஸ்லிம்களாகவே படித்து முடித்துப் போகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்துப் பார்த்தால் இது தோல்வி. அப்படிப் பார்ப்பதே பிழை.

அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய ரிச்சர்ட் டிம் 1952-இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். நூற்புழுக்களை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர். 1970 நவம்பர் புயல் லட்சக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனபோது மன்புரா தீவுக்குப் போய் நிவாரண வேலையில் இறங்கினார். பிறகு திருச்சபையின் நீதி அமைதி ஆணையத்தில் மனித உரிமைக்காக உழைத்தார். 1987-இல் மகசேசே விருது வந்தது.

டாக்காவுக்கு வெளியே, சின்ன ஊர்களில், பாப் மெக்காஹில் இன்னும் எளிய வழியில் போனார். மேரிநோல் சபைக் குருவான அவர் 1975-இல் வந்தார். ஏழை முஸ்லிம்கள் நடுவே ஒரு குடிசை, ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள். வைத்தியம் பார்க்க வழியில்லாத பிள்ளைகளைத் தேடிப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க உதவுவார். முதல் வருஷம் ஊர் சந்தேகப்படும்: மதம் மாற்ற வந்தவர். இரண்டாம் வருஷம் நம்பத் தொடங்கும். மூன்றாம் வருஷம் முடிந்ததும் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஏன் இதெல்லாம் என்று கேட்பவர்களிடம், இயேசு நன்மை செய்துகொண்டே சுற்றினார், அவர் வழியில் போகிறேன் என்பார்.

எல்லா இனத்தாரையும் சீடராக்க இயேசு சொன்ன கட்டளை எங்கே போயிற்று என்று விசுவாசிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தானாக மனம் மாறி வருகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. வங்கதேச அரசியல் சாசனத்தின் 41-ஆம் பிரிவே மதத்தைப் பரப்பும் உரிமையைச் சட்டம், பொது அமைதி, ஒழுக்கத்துக்கு உட்பட்டுத் தருகிறது. ஆனால் மருந்துக்கும் அரிசிக்கும் ஈடாக வாங்கிய விசுவாசம் விசுவாசமே இல்லை. கைம்மாறு கேட்காமல் செய்யும்போதுதான் கடவுளைப் பற்றிச் சொல்வதை ஊர் காது கொடுத்துக் கேட்கும்.

2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவை ஒட்டிய சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேலே இருந்த கார்மெண்ட் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே ஏறச் சொன்னார்கள். 1,134 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு வாரம் கழித்து, மே 1 அன்று, போப் பிரான்சிஸ் தன் காலைத் திருப்பலி மறையுரையில் அவர்களுடைய சம்பளத்தைப் பற்றிப் பேசினார். மாதம் 38 யூரோ. இதற்குப் பெயர் அடிமை உழைப்பு என்றார். அதைச் சொல்வதற்கு முன் செத்தவர்கள் எந்த மதம் என்று அவர் பார்க்கவில்லை. டாக்காவில் கிறிஸ்தவம் பேச வேண்டிய பேச்சு அதுதான்.

திருப்பூர்ப் பக்கத்துக்கும் அது பொருந்தும். சுமங்கலித் திட்டம் என்று சொல்லி நூற்பாலை ஹாஸ்டல்களில் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் வைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்ற கதை கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்று ஹாஸ்டல்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் சபைகள், அந்த ஹாஸ்டல் பிள்ளைகளுடைய சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்ல நாலு பேரை அனுப்பலாம். இந்தியும் ஒடியாவும் தெரிந்தவர்கள் வேண்டும், இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தது சரிதானா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.