எண் சொன்னது, நான் என்ன செய்ய?

சிறிய கல்லூரி நூலகம் ஒன்று எந்த வேதியியல் ஆய்விதழ்களை வாங்கவேண்டும்? ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். 1927-இல் அமெரிக்காவில் கிராஸ், கிராஸ் என்ற இருவர் யாரையும் கேட்காமல் எண்ண ஆரம்பித்தார்கள். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926-ஆம் ஆண்டுத் தொகுதி எந்தெந்த இதழ்களை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறது என்று கணக்கெடுத்தார்கள். இன்றைய மேற்கோள் கணக்குகளுக்கு இது ஒரு முன்னோடி.

ஆனால் மேற்கோள் காட்டுபவர் எழுதுகிறவர். நூலகத்துக்கு வருகிறவர்களில் பலர் வாசிக்க மட்டுமே வருகிறவர்கள். ஒரு மாணவி கட்டுரையைப் படித்து, புரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய்விட்டால் அது எந்த அடிக்குறிப்பிலும் ஏறாது.

சரி, பதிவிறக்கத்தை எண்ணலாமே? 2002-இல் தொடங்கிய 'கவுன்டர்' திட்டம் அதற்கு விதிகள் வகுத்தது. ஒரே கட்டுரையை 30 விநாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றுதான். மென்பொருள்காரனான எனக்கு இந்த நேர்மை பிடிக்கும். சந்தாவை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பயன்பாட்டின் செலவு கிடைத்துவிடும். ஆனால் இறக்கியவர் படித்தாரா? என் கணினியில் இறக்கியதோடு நிற்கும் கட்டுரைகள் ஏராளம்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், மாதம் பத்துப் பேர்கூடத் தொடாத ஒரு வசதியை நீக்கினோம். நீக்கியவன் நான்தான். மறுவாரமே ஒருவர் எழுதினார்: "மாசக் கடைசிக் கணக்க முடிக்க எனக்கு இருந்தது அது ஒண்ணுதாங்க." அவர் எங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அந்த வாசகரைத் தேடித் தரும் பொறுப்பை அவர் நூலகத்தின் தலையில் வைத்தார். அப்படிப் பார்த்தால் குறைந்த எண்ணிக்கை இதழின் மீதான தீர்ப்பு மட்டுமல்ல. 'இதை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தீர்களா?' என்று நம்மிடம் கேட்கும் கேள்வியும்கூட.

பணம் அளவோடுதான் இருக்கிறது. எதையாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். எண்ணுவதில் தப்பில்லை. "எண் சொல்லிச்சு, நான் என்ன பண்ண?" என்று அதன் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் தப்பு. நிறுத்துமுன் அந்த நாலைந்து பேரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். நான் கேட்கவில்லை.