போருக்குப் பின்னும் கடமை

மும்பையின் கிழக்குப் புறநகர்ப் பகுதியான பாண்டுப் வழியே செல்லும் பெருஞ்சாலை லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் அச்சாலையை ஒட்டி ஆலைகள் பல இயங்கின. இன்று அவற்றுள் பல மறைந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. சாஸ்திரி என்றதும் நினைவுக்கு வருவது, 1965-ஆம் ஆண்டில் அவர் நாட்டிற்கு அளித்த ‘ஜெய் ஜவான், ஜெய் கிஸான்’ என்ற முழக்கம்.

போர்வீரனையும் உழவனையும் ஒருசேரப் போற்றிய முழக்கம் அது. ஆனால் இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உழவன் உடலில் வலு உள்ளவரை ஏர் பிடிக்கலாம். வீரனோ நடுவயதிலேயே சீருடையைக் களைய நேர்கிறது. காயமுற்றால் அதற்கும் முன்பே. அதன்பின் அவன் யார்? அவனுக்குரிய கடமை எது? அவனுக்கு நாடு செய்ய வேண்டிய கடமைதான் எது?

சாந்தி பர்வம் காட்டும் வழி

இக்கேள்வி புதியதன்று. போர் தொடங்குமுன் அர்ஜுனனுக்கு எழுந்த குழப்பத்தைக் கீதை தீர்த்து வைக்கிறது. மகாபாரதம் அத்துடன் நின்றுவிடவில்லை. பதினெட்டு நாள் போர் முடிந்தபின், வெற்றி பெற்ற தருமரே மனம் உடைந்து போகிறார். அரசைத் துறந்து காடு செல்ல விரும்புகிறார். வியாசரும் கண்ணனும் அவரைத் தேற்றுகின்றனர். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் தருமத்தைக் கேட்டறியுமாறு அனுப்பி வைக்கின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபதேசம் செய்பவர் எழுந்து நிற்கவும் இயலாதவர். இனி வில்லைத் தொட முடியாத அந்த வீரர், வில்லால் செய்ய இயலாத பணியை அந்நிலையில் செய்கிறார். உடல் வீழ்ந்தது, கடமை வீழவில்லை. ஒரு பணிக்கான கருவி பறிபோகலாம். அதனால் பணி செய்யும் தகுதி பறிபோய்விடாது.

ஒரு வீரரின் வாழ்க்கை

இவ்வுண்மைக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு சான்று உண்டு. சாங்லி மாவட்டத்து பேட் இஸ்லாம்பூரைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் இளம் வயதிலேயே இராணுவத்தில் சேர்ந்தார். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் பணியாற்றினார். குத்துச்சண்டை வீரராகவும் விளங்கினார். 1965-ஆம் ஆண்டுப் போரில் அவர்மீது குண்டுகள் பாய்ந்தன. முதுகுத்தண்டில் ஒரு குண்டு தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது.

மும்பையிலுள்ள அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. உடற்பயிற்சி மருத்துவத்தின் ஒரு பகுதியாக அவர் நீந்தத் தொடங்கினார். கால்களை இழந்தவருக்குத் தண்ணீர் இடம் கொடுத்தது. முன்னாள் கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் அவருக்கு ஆதரவாக நின்றார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில், 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்து அவர் தங்கப் பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே.

பதக்கத்தை உலகம் அறியும். ஆனால் அவரது வாழ்வின் பெரும்பகுதி வேறிடத்தில் கழிந்தது. போருக்குப் பின், காயமுற்ற வீரர்களுக்கு உதவ டாட்டா நிறுவனம் முன்வந்தபோது அவர் உதவியைப் பணிவுடன் மறுத்து, வேலை கேட்டார். புனேயிலுள்ள டெல்கோ தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கு அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். குளத்தில் விநாடிகளில் வெளிப்பட்ட அதே மனவுறுதிதான் இங்கே ஆண்டுக்கணக்கில், கைதட்டல் ஏதுமின்றி நிலைபெற்றிருந்தது.

உதவியும் வேலையும்

அப்படியானால் உதவி பெறுவது இழுக்கா? இல்லை. எல்லாக் காயங்களும் ஒன்றல்ல. சிலர் கைகளையும் இழந்தனர். சிலர் கண்ணை இழந்தனர். வேறு சிலருக்கு உடலில் ஒரு வடுவும் இல்லை, ஆனால் உறக்கம் போய்விட்டது. ‘பேட்கரைப் பார், நீயும் அவ்வாறு எழு’ என்று இவர்களிடம் சொல்வது கருணையாகாது. அவர்களுக்குத் தரப்படும் ஓய்வூதியமும் மருத்துவமும் தானம் அல்ல. திருப்பிச் செலுத்தப்படும் கடன்.

வேலை கேட்டதன் பொருள் இதுதான்: உதவி, ஒருவர் இழந்ததைக் கணக்கில் கொள்கிறது, வேலை, அவரிடம் எஞ்சியிருப்பதைக் கணக்கில் கொள்கிறது. இரண்டும் தேவை. 1917-இல் தொடங்கப்பட்டு இப்போது புனே அருகே கட்கியில் இயங்கும் குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம், உறுப்பிழந்த வீரர்களுக்குத் தொழில் கற்பித்து வருவது இந்த அறிவினால்தான்.

யார் யாருக்குச் சொல்வது?

பேட்கரின் வாழ்வில் இன்னொரு பகுதியும் உண்டு. 1982-இல் அர்ஜுனா விருது கோரி அவர் செய்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பத்மஸ்ரீ விருது 2018-இல்தான் வந்தது. பதக்கம் வென்று அப்போது நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதை 2025 ஜனவரியில், எண்பது வயதில் பெற்றார்.

‘பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்தவருக்கு விருது எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். இங்குதான் ஒரு பெரிய தவறு நிகழ்கிறது. பலனை எதிர்பாராதே என்பது, செயல் புரிபவன் தன் மனத்திற்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. அச்செயலால் நன்மை பெற்றவன் அதை எடுத்துச் செய்தவனிடம் சொன்னால், உயர்ந்த தத்துவம் நன்றி மறப்பதற்கான சாக்காகிவிடுகிறது. கொடுப்பவனுக்குரிய தருமம் பற்றின்மை. பெறுபவனுக்குரிய தருமம் நன்றியறிதல். இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே கெடும். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது, நன்மை பெற்றவர்களை நோக்கித்தான்.

பாண்டுப் போன்ற பகுதிகளில் குடியிருப்பு வாயில்களிலும் வங்கி வாயில்களிலும் காவல் பணி செய்யும் முன்னாள் வீரர்களை இன்றும் காணலாம். ஒரு காலத்தில் நாட்டின் எல்லையைக் காத்தவர்கள் இப்போது ஒரு வாயிலைக் காக்கிறார்கள். இடம் சுருங்கியிருக்கிறது, விழிப்பு சுருங்கவில்லை. அவர்கள் தம் கடமையைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவ்வழியே செல்பவர் ஒரு கணம் நின்று, பெயர் சொல்லி வணக்கம் கூறினால், தம் கடமையின் ஒரு சிறு பகுதியை அவரும் செய்தவராவார்.