"முருகன் பாத்துப்பான்"னு யாருக்காகச் சொன்னேன்?

ஓம் சரவணபவ!

இன்னைக்குக் கோயில் தகவல் எதுவும் இல்ல, விரத முறையும் இல்ல. ஒரு பத்து ரூபாய் கூடப் பெறாத கம்பி வளையத்தைப் பத்தி எழுதப் போறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம்.

காலேஜ் முடிச்சிட்டு வேலை கிடைக்காம இருந்தப்போ, திண்டுக்கல்லில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்புல ஒன்னரை வருஷம் வேலை கத்துக்கிட்டேன். ஒருநாள் ஒரு ஸ்ப்ளெண்டர் வந்துச்சு. சைலன்சர்ல வெள்ளைப் புகை, ஆயில் குடிக்குது. பிளாக்குல போர் அடிச்சு, புது பிஸ்டன் போடணும். வண்டிக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் விடியக்காலையில மனைவியையும் சின்னப் பொண்ணையும் ஏத்திக்கிட்டுப் பழனிக்குப் போகணும். குழந்தைக்கு முதல் முடி இறக்குறாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் அங்கேயே வந்துடுவாங்களாம்.

எஞ்சினைப் பிரிச்சுப் பாக்காதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடுறேன். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் ஒரு பின் இணைக்குது. அந்தப் பின் பக்கவாட்டுல நழுவிடாம இருக்க, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி வளையம் போடுவாங்க. சர்க்லிப்னு பேரு, கடையில நாங்க லாக்குன்னு சொல்லுவோம். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு. ஸ்பிரிங் கம்பி. நோஸ் பிளையரால அழுத்திப் பள்ளத்துல உட்கார வைக்கணும், கை கொஞ்சம் நழுவினாலும் பறந்துடும். அதனால கீழே கிராங்க் கேஸ் வாயில ஒரு துணியைத் திணிச்சு வெச்சிட்டுதான் அதைத் தொடணும். முதல் நாளே அண்ணன் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

ஒரு பக்கம் லாக் போட்டாச்சு. ரெண்டாவதைப் போடுறப்போ கையெல்லாம் ஆயில். கிட்டக்க வேற துணி இல்ல. திணிச்சு வெச்ச துணியையே உருவிக் கை துடைச்சேன். திரும்ப வைக்கல. ஒரு நிமிஷ வேலைதானே.

"டிங்".

அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. எங்க போச்சுன்னு பாக்கல. ஸ்ப்ளெண்டர்ல பிளாக் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். அதைக் கழட்டினா கிராங்க் கேஸோட வாய் முன்பக்கம் பாத்துத் திறந்திருக்கும். பறந்தது அதுக்குள்ளயும் போயிருக்கலாம், வெளியில தரையிலயும் விழுந்திருக்கலாம். ரெண்டுக்கும் சம வாய்ப்பு.

தரையைப் பெருக்கினேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் கவர்ல சுத்தி மண்ணு மேல இழுத்தேன். இரும்புத் துகள், ரெண்டு வாஷர், ஒரு ஊக்கு. லாக்கைக் காணோம். பெட்டியில வேற லாக் இருந்துச்சு. எடுத்துப் போட்டு பிளாக்கை மாட்டினா யாருக்கும் தெரியாது. அண்ணன் பேங்குக்குப் போயிருந்தாரு.

மனசு வேலை செய்ய ஆரம்பிச்சுச்சு. சத்தம் தரையில விழுந்த சத்தம் மாதிரிதான் இருந்துச்சு. உள்ள போயிருந்தா 'டிங்'னா கேக்கும், மொத்தையாத்தானே கேக்கும். அப்படியே உள்ள போயிருந்தாலும் ஆயிலோட அடியில போய்ப் படுத்துக்கும். பம்புக்கு முன்னாடி வலை இருக்கு, அதைத் தாண்டாது. இப்படி ஒவ்வொன்னா அடுக்கிட்டு, கடைசியா ஒன்னு சொன்னேன் பாருங்க: "அவரு பழனிக்குத்தானே போறாரு. முருகன் பாத்துப்பான்."

அதைச் சொன்னதும் மனசு லேசாச்சு. அந்த லேசுதான் இன்னைக்கு வரைக்கும் என்னை உறுத்துது.

உள்ள கிடந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? ஒன்னுமே ஆகாமலும் போகலாம். இல்லேன்னா கிராங்குக்கும் கேஸுக்கும் நடுவுல போய் மாட்டும், கியர் பல்லுல கடிபடும். வண்டி அறுபதுல போறப்போ எஞ்சின் இறுகினா பின்சக்கரம் அப்படியே நின்னுடும். கிளட்சைப் பிடிக்கணும்னு தோணுறதுக்குள்ள வண்டி சாஞ்சிடும். பெட்ரோல் டேங்க் மேல குழந்தை. ஒட்டன்சத்திரம் வழி ரோட்டுல லாரி எப்படி வரும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும்.

பல வருஷம் கழிச்சு ஒரு கட்டுரையைப் பத்திப் படிச்சேன். டபிள்யூ. கே. கிளிஃபோர்ட்னு ஒரு ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-ல் எழுதினது. அதுல ஒரு கப்பல் முதலாளி வர்றான். கப்பல் பழசு, பல தடவை ரிப்பேர் பாத்தது. அதுல குடும்பம் குடும்பமா ஜனங்க வேற நாட்டுக்குப் பிழைக்கப் போகணும். கப்பல் தாங்குமான்னு அவனுக்கே சந்தேகம். ஆனா சோதிச்சுப் பாத்தா செலவு. இத்தனை பயணம் போயிட்டு வந்த கப்பல்தானே, இத்தனை குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டாருன்னு தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கிறான். நிஜமாவே நம்பிடுறான். கப்பல் முழுகுது, இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கிறான்.

இதுவரைக்கும் யாரும் ஒத்துக்குவாங்க. அடுத்து அவர் கேக்குறதுதான் என்னைப் பிடிச்சு உலுக்கினது. கப்பல் முழுகாம பத்திரமாப் போய்ச் சேர்ந்திருந்தா அவன் குற்றம் குறையுமா? துளியும் குறையாதுங்கிறாரு. அவன் நம்பினது சரியா தப்பாங்கிறது பேச்சே இல்ல, அப்படி நம்ப அவனுக்கு உரிமை இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி.

கிளிஃபோர்ட் நம்ம மாதிரி ஆள் இல்ல. போதுமான ஆதாரம் இல்லாம எதையுமே நம்பக் கூடாதுங்கிற கட்சி. அந்தக் கணக்குல பாத்தா நம்ம வேல் வழிபாடே தப்புன்னு ஆகிடும். அதை நான் ஒத்துக்கல. தைப்பூசத்துக்கு நடக்குறவங்களைப் பாருங்க. கால் தாங்குமா, மழை வருமான்னு எதுவும் தெரியாம "முருகா"ன்னு கிளம்புறாங்க. அது கையில இல்லாததை அவன்கிட்ட விடுறது. அதே ஆளுங்கதான் ராத்திரி நடக்குறப்போ முதுகுப் பையில ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கிறாங்க. ஏன்னா அது கையில இருக்கு. நான் செஞ்சது நேர் எதிர். என் கையாலயே திறந்து பாக்க முடிஞ்ச ஒன்னை அவன் தலையில கட்டினேன். அதுலயும் ஆபத்து எனக்கு இல்ல, யாரோ ஒருத்தர் குழந்தைக்கு. அடுத்தவங்க உசுரை வெச்சு நான் பக்தி பண்ணினேன்!

கடையில செல்போன்ல தினமும் கந்த சஷ்டி கவசம் ஓடும், உங்க வீட்டுலயும் ஓடும். தேவராய சுவாமிகள் "உடம்பைக் காப்பாத்து"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். முடிக்கல. கண்ணு, காது, மூக்குன்னு ஒவ்வொன்னாச் சொல்லி, பல்லைக் கூட முப்பத்திரண்டுன்னு எண்ணித்தான் கேக்குறாரு. அதைத் தினம் கேட்டுக்கிட்டே ஒரு லாக்கைக் கணக்குல விட்டுட்டேன்.

அன்னைக்கு நான் பிளாக்கை மாட்டல. பெரிய மனசாட்சின்னு நினைச்சுடாதீங்க. கையில எடுத்துட்டேன். அதுக்குள்ள அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. என் மூஞ்சியைப் பாத்துட்டு "என்னடா?"ன்னாரு. சொல்லிட்டேன். அவர் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

அவர் திட்டல. "கிராங்கைச் சுத்தினியா?"ன்னு மட்டும் கேட்டாரு. "இல்லண்ணே." "தொடாத." உள்ள கிடந்தா, சுத்துறப்போ இன்னும் ஆழமா இழுத்துட்டுப் போயிடும். டார்ச் அடிச்சுப் பாத்தோம். பேனா மாதிரி நீளுற காந்தத்தை விட்டா, போற வழியில கிராங்க், ராடுன்னு இரும்பு எதைப் பாத்தாலும் ஒட்டிக்குது. அண்ணன் இளநி ஸ்ட்ராவை வெட்டி அது மேல மாட்டி, நுனி மட்டும் வெளியில தெரியுற மாதிரி விட்டாரு. அப்பதான் அடி வரைக்கும் போச்சு. ஒன்னும் வரல. ஆயிலை இறக்கித் துணியில வடிகட்டினோம். இல்ல. கிளட்ச் பக்கத்துக் கவரைக் கழட்டினோம், பேக்கிங் கிழிஞ்சு போச்சு. வலையை உருவிப் பாத்தோம். கறுப்புச் சகதிதான்.

ஆறு மணிக்கு அவர் வந்துட்டாரு. அண்ணன் என்னைப் பாத்து, "நீயே சொல்லு"ன்னாரு.

"சார், லாக் ஒன்னு காணோம். உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு தெரியல. தெரியாம வண்டியை மூட முடியாது."

"தம்பி, காலையில நாலு மணிக்குக் கிளம்பணும்னு சொல்லிட்டுத்தானே போனேன்? வெளிய விழுந்திருந்தா?"

"விழுந்திருக்கலாம் சார்."

கொஞ்ச நேரம் கத்தினாரு. நியாயமான கோபம்தான். அப்புறம் அந்தப் பிரிச்சுப் போட்ட எஞ்சினையே பாத்துக்கிட்டு நின்னாரு. "பஸ்ஸுலயே போய்க்கிறோம்"னு சொல்லிட்டு நடந்தே போனாரு.

ராத்திரி எட்டரைக்கு லாக் கிடைச்சுது. மெயின் ஸ்டாண்டோட குறுக்குக் கம்பியில ஒரு விரல் தடிமனுக்குக் கிரீஸும் மண்ணும் அப்பியிருந்துச்சு. அதுல பாதி புதைஞ்சு கிடந்துச்சு. கழட்டின பழைய லாக் ரெண்டும் பழைய பிஸ்டனோட தகர டப்பாவுல இருக்கான்னு எண்ணிப் பாத்தோம். இருந்துச்சு. அப்போ இது அதுதான். எஞ்சினுக்குள்ள அது போகவே இல்ல.

முதல்ல வந்தது சந்தோஷம் இல்லீங்க, எரிச்சல். மத்தியானமே மூடியிருந்தா அவரு வண்டியில நிம்மதியாப் போயிருப்பாரு, ஒன்னும் ஆகியிருக்காது. பேக்கிங் காசும் ஆயில் காசும் அண்ணனுக்கு நஷ்டம். உண்மையைச் சொன்னதால ஒரு குடும்பம் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு. இதுல யாருக்கு என்ன லாபம்? கிளிஃபோர்ட் சொன்னதைப் படிச்ச பிறகும் இந்தக் கேள்வி முழுசாப் போகல. எவ்வளவு தேடினாப் போதும்னு அவரும் அளவு சொல்லித் தரல. எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எந்த மெக்கானிக்கும் எந்த எஞ்சினையும் மூட முடியாது. அன்னைக்கு லாக் கிடைக்காமலே போயிருந்தா, கேஸை ரெண்டாப் பிளந்து பாத்திருப்போமா? அண்ணன் பிளந்திருப்பாரு. நான் மட்டும் கடைக்காரனா இருந்திருந்தா, தெரியல.

எனக்கு நானே வெச்சுக்கிட்ட ஒரு கணக்கு மட்டும் இருக்கு. "வெளியிலதான் விழுந்திருக்கும்"னு நான் நம்பினது பொய் இல்ல, பாதியாவது நிஜம். ஆனா அதை அந்த வண்டிக்காரர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருப்பேனா? "சார், ஒரு லாக் காணோம், வெளிய விழுந்திருக்கும்னு நினைக்கிறேன், நீங்க பாப்பாவை முன்னாடி உட்கார வெச்சுக்கிட்டுப் போங்க"ன்னு? சொல்ல வாய் வந்திருக்காது. அவர்கிட்ட சொல்ல வாய் வராத ஒன்னை முருகன்கிட்ட மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாச் சொன்னேன்?

மூணாம் நாள் வண்டி எடுக்க வந்தாரு. பொண்ணு கூட வந்திருந்துச்சு. மொட்டைத் தலை, சந்தனம். "கிடைச்சுதா?"ன்னு கேட்டாரு.

"கிடைச்சுது சார். வெளியிலதான் இருந்துச்சு."

"அப்போ அன்னைக்கே..."ன்னு ஆரம்பிச்சவரு நிறுத்திட்டாரு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஒரு கையை எஞ்சின் மேல வெச்சுக் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டாரு. பையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து அண்ணன்கிட்ட கொடுத்தாரு, என்னைப் பாக்கல. அவங்க போன பிறகு அண்ணன் டப்பாவைத் திறந்து, "கையைக் கழுவிட்டு வாடா"ன்னாரு.

வேலும் மயிலும் துணை.