அலகும் பிடியும்

சோதித்துப் பார்க்க முடிகிற இடத்தில் மனிதன் நேர்மையாக இருப்பதில் பெரிய சிறப்பு ஒன்றும் இல்லை. உரைகல் எதிரே இருக்கும்போது பித்தளையைப் பொன் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? உரைகல் இல்லாத இடத்தில் அவன் என்ன சொல்கிறான் என்பதே கேள்வி. டமாஸ்கஸ் அலகும் மான்கொம்புப் பிடியும் கொண்ட கத்தியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது.

டமாஸ்கஸ் என்ற பெயரின் புகழில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியாவில் மூசைகளில் உருக்கிய எஃகு மேற்கு ஆசியாவுக்குச் சென்று வாளாயிற்று. நீரலை போன்ற அதன் வரிகளைக் கண்டு உலகம் வியந்தது. இன்றைய கொல்லர்கள் அதே பெயரில் செய்வது வேறு முறை. 1973-இல் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன் அப்படிச் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகு, அந்நாட்டில் அம்முறை மீண்டும் பரவியது.

நிக்கல் கலந்த எஃகுத் தகட்டையும் கலவாததையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி, உலையில் கனலக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்குகிறார்கள். பிறகு நீட்டி, வெட்டி, மடித்து மறுபடியும் அடிக்கிறார்கள். 7 தகடுகள் ஐந்து மடிப்பில் 224 அடுக்குகளாகிவிடும். இத்தனை பாடுபட்டும், மெருகிட்ட அலகில் வரிகள் சரியாகத் தெரிவதில்லை. ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுத்தால்தான் ஓர் எஃகு கறுத்து, நிக்கல் உள்ளது பளிச்சென்று நிற்கும். கரைசல் கோலம் போடுவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே சொல்கிறது. வெறும் எஃகின் மேல் வரிகளைப் பொறித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி முக்கினால் குட்டு உடைந்துவிடும். மெய்யான வரி திரும்ப வரும், போலி வராது.

பிடியின் கதை வேறு. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கிறது. காட்டில் பொறுக்கிய கொம்பில் உயிர்ப்பழி இல்லை. உதிர்ந்த கொம்பின் அடியில், தானே கழன்ற வடு இருக்கும். கொன்று எடுத்ததில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும். ஆனால் பிடிக்கு வேண்டிய அளவை நடுவிலிருந்து அறுத்துவிட்டால், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கத்திக்காரர்கள் பெரிதும் விரும்புவது இந்தியக் கடமானின் கொம்பு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த தடைகளும் அதன் ஏற்றுமதியை நிறுத்திவிட்டன. ஆயினும், "தடைக்கு முன்பே வாங்கி வைத்தது" என்று சொல்லி இன்றும் வெளிநாடுகளில் விற்கிறார்கள். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை எந்தக் கரைசலில் முக்கிப் பார்ப்பது?

"பொய்யாகவே இருந்தாலும் யாருக்கு என்ன நஷ்டம்? கத்தி நன்றாக வெட்டுகிறதே!" என்று கேட்கலாம். வேட்டை சட்டப்படி செல்லுகிற நாடுகளும் உண்டு. அங்கே சுட்ட மானின் கொம்பைச் சுட்டது என்று சொல்லியே ஒருவன் விற்கலாம். அதை வாங்குவதா வேண்டாமா என்பது வாங்குகிறவன் மனத்தைப் பொறுத்தது. பொய் சொன்னவனோ அந்தத் தீர்மானத்தையே மற்றவனிடமிருந்து திருடிக்கொள்கிறான். நஷ்டம் அதோடு நிற்பதுமில்லை. பழைய சரக்கு என்ற பெயரில் புதிய கொம்பு விலைபோனால், இன்னொரு கொம்புக்காக யாரோ காட்டுக்குள் நுழைவான்.

பழி முழுவதையும் கொல்லன் தலையில் ஏற்றுவதும் நியாயமல்ல. வாங்குபவன் அலகைப் பத்து முறை திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பிடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டு, உண்மை வந்துவிட்டால் மனசு வந்து வாங்க முடியாதே என்ற பயம்! பொய்யைச் சொல்பவன் ஒருவன் என்றால், அதைச் சொல்லவேண்டிய சிரமம்கூட இல்லாமல் செய்பவன் இன்னொருவன்.

அலகு, செய்தவனின் கைத்திறனுக்குச் சாட்சி. பிடிக்கு அவனுடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. கத்தியை எடுக்கும்போது நாம் பற்றுவது என்னவோ பிடியைத்தான்.