இடப்பக்கம் வரும் பந்து

43 வயதில் டேபிள் டென்னிஸ் கற்கத் தொடங்கினேன். ஃபோர்ஹேண்ட் சில மாதங்களில் கைக்கு வந்துவிட்டது. பேக்ஹேண்ட் வரவில்லை. அதிலும் எதிராளி அடியில் வெட்டி அனுப்பும் பந்தை பேக்ஹேண்டில் டாப்ஸ்பின் போட்டு எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பத்தில் ஏழு வலையில் விழும், மீதி மேசையைத் தாண்டிப் பறக்கும்.

அதனால் இடப்பக்கம் வரும் பந்துக்கெல்லாம் இன்னும் இடப்பக்கமாக ஓடி, ஃபோர்ஹேண்டிலேயே அடித்துச் சமாளித்தேன். அடுத்த பந்து வலது மூலைக்கு வரும். மேசையின் அகலம் 1.525 மீட்டர்தான். ஆனாலும் எட்டாது.

இப்படி ஓடி ஓடியே ஒலிம்பிக் தங்கம் வென்றவர் உண்டு. தென் கொரியாவின் ரியூ சுங் மின், 2004 ஏதென்ஸ் இறுதிப் போட்டியில், பேக்ஹேண்டுக்குப் பெயர் பெற்ற சீனாவின் வாங் ஹாவோவை அப்படித்தான் வீழ்த்தினார். அப்போது அவருக்கு 22 வயது. அந்தக் கால்கள் எல்லோருக்கும் வாய்க்காது.

மேசைக்கு வெளியேயும் நான் இப்படித்தான். ஒரு நண்பனுக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருந்தேன். திருப்பிக் கேட்க நா எழவில்லை. கேட்க நேர்ந்துவிடுமோ என்று அவன் தெருப் பக்கம் போவதையே விட்டேன். மகளின் சடங்குக்கு அழைத்தான், போகவில்லை. அவன் அம்மா இறந்தது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சோறு போட்ட அம்மா. ஒரு மூலையைக் காக்கப் போய் மறு மூலையை முழுக்கத் திறந்து போட்டிருந்தேன்.

கோச் என்னைவிட இருபது வயது இளையவர். "சார், நாலு வாரம் ஃபோர்ஹேண்டே வேண்டாம். பந்து நெஞ்சுக்கு நேரா வரும்போது முழங்கையைத் தூக்கிடுறீங்க. அதை அங்கேயே விடுங்க, பிடியை இறுக்காதீங்க" என்றார்.

முழங்காலை மடக்கி, மட்டையை வயிற்றுக்கு முன்னே தாழ்த்தி, மணிக்கட்டை உள்பக்கமாக மடித்துக் காத்திருக்க வேண்டும். பந்து எழும்பி உச்சிக்கு வரும் நேரத்தில் முன்கை கதவு திறப்பதுபோல் விரிய வேண்டும். பந்தின் எடை 2.7 கிராம். அதை மோதவே கூடாது, உரச வேண்டும். மோதினால் மரத்தில் பட்ட சத்தம் கேட்கும். சரியாக உரசினால் ரப்பரில் 'சரக்' என்று மெல்லிய ஒலி. பிடி இறுகினால் மணிக்கட்டு அசையாது, மணிக்கட்டு அசையாவிட்டால் சுழற்சி ஏறாது. இது அறிவுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. கைக்குப் புரிய நாலு வாரமும் போதவில்லை. கடினமான பந்து வருகிறது என்று தெரிந்ததுமே விரல்கள் தாமாக இறுகிக்கொள்ளும். அந்தப் பயத்தைப் பழக்கித்தான் போக்க வேண்டியிருந்தது.

அந்த மாதமே நண்பன் வீட்டுக்கும் போனேன். அம்மாவின் படத்துக்கு முன் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பணப் பேச்சை நானே எடுத்தேன். "நீ எப்படா கேட்பேன்னு இருந்தேன்" என்றான். மாதம் 2,000 ரூபாயாகத் தருகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை 20 பந்துகளில் 11 மேசையில் விழுந்தன.