எந்த வயதோடு நிற்கும்?

அந்தச் சிறுமி கையை முழுதாக நீட்டவில்லை. இடுப்பளவு உயர்ந்தது, விரல்கள் லேசாக விரிந்தன. அப்புறம் அதே கை நிற்காமல் மேலே போய், முன்னால் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது. முடியை ஒதுக்கத்தான் கையைத் தூக்கினாள் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். நிலைக்கவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெருமுனையில் இருக்கும் 'மெட்ஸ்கெரை' அது. கறிக்கடை என்றால் பாதிதான் சொன்னதாகும். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் பச்சைக் கறி, நடுவில் வகைவகையாக சாசேஜ், மறுகோடியில் டெலி: பார்மா ஹாம், ஹங்கேரி சலாமி, ஆலிவ், உருளைக்கிழங்கு சாலட். சுவரில் சட்டம் போட்ட, தொழிலில் தேர்ந்தவர் என்று சொல்லும் மைஸ்டர் சான்றிதழ். அங்கே பெரும்பாலும் நான் வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன். வாங்குவது அதற்கான நுழைவுக் கட்டணம் மாதிரி.

ஜெர்மானியக் கறிக்கடைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெரியவர்களோடு வரும் குழந்தைக்கு லியோனர் சாசேஜிலோ கெல்ப்வுர்ஸ்ட் சாசேஜிலோ ஒரு வில்லை சீவி, சுருட்டி, கவுண்டருக்கு மேலாக நீட்டுவார்கள். இந்தப் பக்கத்து ஸ்வாபிய ஆட்கள் அதை 'ரேட்லே' என்பார்கள். காசு கிடையாது. நரைத்த தலையோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்கூட அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் மாறிவிடும்.

அன்று எனக்கு முன்னால் ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள். பையனுக்கு நாலு வயது இருக்கலாம். அக்காவுக்குப் பத்து, பதினொன்று. வெள்ளைக் கோட்டு போட்ட கடைக்காரம்மா பையனுக்கு வில்லையை நீட்டினார். அவர் கண் ஒரு கணம் அக்காவின் பக்கம் போனது, உயரத்தை அளந்தது, திரும்பிவிட்டது. "வேறென்ன வேணும்?" என்று அம்மாவிடம் கேட்டார். அந்த இடைவெளியில்தான் கை எழுந்ததும் முடிக்குப் போனதும்.

கடைக்காரம்மாவைக் கஞ்சம் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளைக் கண்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறவர். பெரியவர்களிடமும் கடை தாராளமாகத்தான் பேசும். தராசு 100 கிராமைத் தாண்டி 115-இல் நின்றால், "கொஞ்சம் கூட இருக்கலாமா?" என்று கேட்பார்கள். ஜெர்மனியில் கறிக்கடையை வைத்துச் செய்யும் கேலிகளில் அடிக்கடி வரும் கேள்வி அது. நாமும் இருக்கலாம் என்போம். அந்தக் கூடுதல் பில்லில் ஏறிவிடும்.

லியோனரைக் குழந்தைக்குத் தருவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பன்றிக்கறியையும் கொழுப்பையும் சுழலும் கத்திகளுக்கு நடுவே போட்டு விழுதாக அரைப்பார்கள். கத்தியின் சூட்டில் கொழுப்பு பிரிந்துவிடக் கூடாதென்று நொறுக்கிய ஐஸையும் கூடவே கொட்டுவார்கள். பிறகு கொதிக்காத வெந்நீரில் வேகவைப்பது. நாரோ நரம்போ தட்டுப்படாது, பால்பல் போதும். பல் வலுத்தவர்களுக்கு வேறு சரக்கு இருக்கிறது, விலைச்சீட்டோடு.

சின்ன வயதில், திண்டுக்கல்லில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னை பேகம்பூர் பாய் கடைக்குக் கூட்டிப் போவார். புளியங்கட்டையில் கத்தி விழும் சத்தம் கடை வரும் முன்பே கேட்கும். "பாய், நெஞ்செலும்பு கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார் அப்பா. பாய் நிமிராமலே தலையாட்டுவார். தாமரை இலையில் கறியை வைத்துக் கட்டும்போது, கேட்காமலே ஒரு சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, மேலே போட்டு, "தம்பிக்கு" என்பார். ரத்தம் ஊறும் என்று அப்பத்தா அதைக் கரி அடுப்பில் சுட்டு, உப்பும் மிளகும் தூவி எனக்கு மட்டும் தருவாள். வெளியே கருகி, உள்ளே மாவு போல இருக்கும். சுவை பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் என்பதுதான் அதில் ருசி.

ஒன்பதாம் வகுப்பு வாக்கில் பையை எடுத்துக்கொண்டு நானே தனியாகப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் பாய் நிமிர்ந்து பார்த்து, "சுவரொட்டி இருக்கு, வேணுமா தம்பி? அஞ்சு ரூபா" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதே தம்பிதான், அதே சிரிப்புதான்.

அந்தச் சிறுமியின் கையை நினைக்கும்போதெல்லாம் இந்த அஞ்சு ரூபாயும் கூடவே வருகிறது. தொட்டிலில் இருந்து வயது ஏற ஏறக் கொடுத்துக்கொண்டே வந்தவர்கள் எந்தப் பிறந்தநாளோடு நிறுத்துகிறார்கள்? யாரும் அறிவிப்பதில்லை. கடைக்காரம்மாவிடம் கேட்டால் அவரே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியில் மவுல்டாஷனும் உண்டு. கறியும் கீரையும் வைத்து மடித்த மாவுப் பை. தவக்காலத்தில் கடவுளின் கண்ணுக்குத் தெரியாமல் கறி தின்ன மவுல்பிரோன் மடத்துத் துறவிகள் கண்டுபிடித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வேறொன்று நினைவுக்கு வரும். கான்ஸ்டன்ஸ் நகரத்து முதியோர் இல்லமொன்றில் 17 வருடம் வேலை பார்த்த 58 வயதுப் பெண்மணி, அங்கிருந்தவர்கள் சாப்பிட்டு மிஞ்சிய 6 மவுல்டாஷனை வீட்டுக்கு எடுத்துப் போகப் பார்த்தார். குப்பைக்குப் போக இருந்தவை. வேலையை விட்டு நீக்கினார்கள். 2009-இல் தொழிலாளர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றே சொன்னது. மேல்முறையீட்டில், 2010-இல், 42,500 யூரோவுக்குச் சமரசம் ஆயிற்று. நாடே அதைப் பற்றிப் பேசியது. 58 வயதில் மிச்சத்தைக் கேட்காமல் எடுத்தால் வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது. நாலு வயதில் கேட்காமலே கைக்கு வருகிறது. ஒன்று எடுத்தது, மற்றது கொடுத்தது. இரண்டையும் ஒரே முடிச்சில் போடுவது நியாயமில்லை என்று தெரிகிறது. என்றாலும் மனது அதைத்தான் செய்கிறது.

அந்தச் சிறுமி வாய்விட்டுக் கேட்டிருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டு வாங்கினால் அது வேறு வில்லை. ஸ்வீட்ஸ்டாலில் சாம்பிள் கேட்டு வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். தம்பிக்கு வந்தது அது இல்லை. அவளுக்கு அது புரிந்திருக்கும் என்று அந்தக் கை சொல்கிறது. அல்லது நான் சொல்ல வைக்கிறேன். பின்னால் நின்றவனுக்கு அவள் முகம் தெரியவில்லை; கையும் காதும்தான் தெரிந்தன.

கேட்காமல் தருவது பிரியம், கேட்டுத் தருவது மரியாதை, ஒன்று போய் மற்றது வருகிறது என்று கோடு போட்டுவிட்டால் வசதியாக இருக்கும். கொஞ்ச நாள் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டில் ஒட்டாத ஒன்று பாய் கடையிலேயே இருக்கிறது. "அஞ்சு ரூபா" என்று அவர் சொன்னபோது, அப்பாவிடம் பேசுகிற மாதிரி என்னிடமும் பேசுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வருத்தமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அது அன்றைக்கே இருந்ததா, இத்தனை வருடம் கழித்து நான் கொண்டுபோய் வைத்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.